நிறுத்திப் பார்த்தால் தெரியும்: இணைய விளம்பரம் யாருக்கு உதவுகிறது?

மாதம் 10,000 ரூபாயை இணைய விளம்பரத்துக்குச் செலவிடும் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் விளம்பரத் தளத்திலிருந்து ஓர் அறிக்கை வருகிறது. விளம்பரத்தை இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள், இத்தனை பேர் கிளிக் செய்தார்கள், அவர்களில் இத்தனை பேர் வாங்கினார்கள், வாங்கிய சரக்கின் மதிப்பு 60,000 ரூபாய் என்கிறது அது. போட்ட பணம் ஆறு மடங்கு விற்பனையாக வந்திருப்பதாகக் கணக்கு. கடைக்காரர் அடுத்த மாதம் 20,000 ரூபாய் கட்டுகிறார்.

அறிக்கையில் உள்ள எண்கள் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அதில் இல்லை. அந்த 60,000 ரூபாய்க்கு வாங்கியவர்களில் எத்தனை பேர், விளம்பரம் இல்லாமல் இருந்தாலும் அதே கடைக்கு வந்திருப்பார்கள்? இதற்கு விடை தெரியாதவரை, இணையத்தில் தொழிலை வளர்க்கச் சொல்லப்படும் எந்த உத்தியையும் நல்லது என்றோ வீண் என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது.

பொருளியலாளர்கள் சிலர் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: இணைய விளம்பரம் உங்களை அறியாதவரிடம் வேலை செய்கிறது, ஏற்கெனவே அறிந்தவரிடம் அதற்கு வேலை மிகக் குறைவு. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், சிறு தொழில் செய்பவர் தன் பணத்தை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்பது பெருமளவு தெளிவாகிவிடும்.

ஏலம் போகும் சொற்கள்

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் என்ற அமெரிக்க இணைய இதழில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் ஒன்று வெளியானது. இணையப் பட்டை விளம்பரத்தின் வரலாறு அங்கிருந்துதான் எழுதப்படுகிறது. அன்று விளம்பரதாரர் வாங்கியது ஓர் இடத்தை. செய்தித்தாளில் கால் பக்கம் வாங்குவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வேறுபாடு வந்தது 1998இல். பில் கிராஸ் தொடங்கிய கோடூ.காம் என்ற தேடல் தளம், தேடும் சொல்லையே ஏலத்தில் விட்டது. ஒரு சொல்லுக்கு, கிளிக் ஒன்றுக்கு இவ்வளவு தருகிறேன் என்று அதிகமாகக் கேட்டவரின் பெயர் மேலே வந்தது. கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் சேவையைத் தொடங்கியது. 2002இல் ஏல முறையில் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. கேட்கும் தொகையோடு, அந்த விளம்பரம் தேடுபவருக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதையும் பெருக்கிப் பார்த்தது.

அந்தப் பெருக்கலை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். ‘மரச்செக்கு நல்லெண்ணெய்’ என்ற தேடலுக்கு இரண்டு கடைகள் போட்டியிடுகின்றன. முதல் கடை கிளிக்குக்கு 20 ரூபாய் கேட்கிறது. அதன் விளம்பரத்துக்குத் தர மதிப்பெண் 4. பெருக்கினால் 80. இரண்டாம் கடை 12 ரூபாய்தான் கேட்கிறது. ஆனால் அதன் தர மதிப்பெண் 8. பெருக்கினால் 96. குறைவாகக் கேட்ட இரண்டாம் கடையே மேலே வருகிறது. அது கட்டுவதும் 12 ரூபாய் அல்ல. முதல் கடையின் 80ஐத் தாண்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, அதாவது 10 ரூபாயை ஒட்டிய தொகைதான். இன்று இந்தக் கணக்கில் இன்னும் பல காரணிகள் சேர்ந்துவிட்டன என்றாலும் அடிப்படை இதுதான். தேடுபவர் கேட்டதற்கு நேரான பதிலைத் தரும் கடைக்கு விளம்பரம் மலிவாகக் கிடைக்கும். எண்ணெய் கேட்டவரைக் கடையின் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி அலையவிடும் கடைக்கு அதே இடம் கூடுதல் விலைக்குத்தான் கிடைக்கும்.

இந்த ஏலத்தில் விற்கப்படுவது தேடுபவரின் நோக்கம். வாங்கும் எண்ணத்தோடு வந்தவரின் முன்னால் போய் நிற்கும் உரிமைக்குத்தான் விலை. அதனால்தான் இது இவ்வளவு திறமையானதாகத் தெரிகிறது. சிக்கலும் இதிலேயேதான் இருக்கிறது. வாங்கும் எண்ணத்தோடு வந்தவர், விளம்பரத்தைப் பார்க்காவிட்டாலும் வாங்கக்கூடியவர் அல்லவா?

ஈபே நிறுத்திப் பார்த்தது

2012இல் ஈபே நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் இந்தச் சந்தேகத்தைச் சோதித்தார்கள். அப்போது ஈபே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட தேடுசொற்களுக்கு விளம்பரம் வாங்கிக்கொண்டிருந்தது.

முதல் சோதனை ‘ஈபே’ என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுபவர்களைப் பற்றியது. 2012 மார்ச்சில் யாஹூ, எம்எஸ்என் தேடல்களில் அந்த விளம்பரங்களை நிறுத்தினார்கள். கூகுளில் மட்டும் ஒப்பீட்டுக்காகத் தொடர்ந்தார்கள். விளம்பரம் நின்றதால் இழந்திருக்க வேண்டிய கிளிக்குகளில் 99.5 விழுக்காடு, விளம்பரத்துக்குக் கீழேயே இருந்த இலவசத் தேடல் முடிவு வழியாக வந்து சேர்ந்தன. பெயரைச் சொல்லித் தேடியவர் எப்படியும் வரத்தான் போகிறார். அவரை அழைத்து வந்ததற்கு ஈபே அதுவரை கூலி கொடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் சோதனை இன்னும் கடினமானது. பெயர் சேராத பொதுவான சொற்கள், அதாவது ‘கிட்டார்’, ‘செல்போன்’ போன்ற தேடல்களுக்கான விளம்பரங்களை, அமெரிக்காவின் சந்தைப் பகுதிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் மட்டும் கூகுளில் நிறுத்திவிட்டு, மற்ற பகுதிகளில் தொடர்ந்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். விற்பனையில் ஏற்பட்ட வேறுபாடு, இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது.

2015இல் எக்கனோமெட்ரிகா இதழில் வெளியான அவர்களுடைய கட்டுரையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஓர் ஒப்பீடு. வழக்கமான முறையில், விளம்பரச் செலவையும் விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டபோது, ஆதாயம் 4,100 விழுக்காட்டுக்கும் மேல் என்று வந்தது. காலத்தையும் இடத்தையும் கணக்கில் சேர்த்துத் திருத்திய பிறகும் 1,600 விழுக்காட்டுக்கு மேல். விளம்பரத்தை நிறுத்திப் பார்த்த சோதனையில் அதே செலவுக்குக் கிடைத்தது 63 விழுக்காடு நட்டம். ஒரே நிறுவனம், ஒரே விளம்பரம், கணக்கிடும் முறை மட்டும் வேறு.

இதோடு ஆய்வு நின்றிருந்தால் ‘இணைய விளம்பரமே வீண்’ என்ற முடிவுக்கு வந்திருக்கலாம். ஆனால் ஆய்வாளர்கள் வாங்குபவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். முந்தைய ஓராண்டில் ஈபேயில் மூன்று முறையாவது வாங்கியவர்களிடம் விளம்பரத்தால் எந்த மாற்றமும் இல்லை. இதுவரை வாங்காதவர்கள், எப்போதாவது வாங்குபவர்கள் ஆகியோரிடம் மாற்றம் இருந்தது. விளம்பரம் அவர்களை உள்ளே கொண்டுவந்தது. நட்டம் வந்ததற்குக் காரணம், செலவின் பெரும்பகுதி ஏற்கெனவே அடிக்கடி வாங்கிக்கொண்டிருந்தவர்களின் கிளிக்குகளுக்குப் போனதுதான்.

மண்டப வாசலில் பத்திரிகை

அறிக்கைகள் இந்த உண்மையை ஏன் காட்டுவதில்லை? கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே நுழைபவர்கள் எல்லோருக்கும் பத்திரிகை கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பத்திரிகை வாங்கியவர்களில் ஒருவர் விடாமல் கல்யாணத்துக்கு வந்திருப்பார்கள். அதை வைத்து, பத்திரிகை கொடுத்ததால்தான் வந்தார்கள் என்று கணக்கு எழுதினால் எப்படி இருக்கும்? யார் வாங்கப்போகிறார்களோ அவர்களைத் தேடிப்பிடித்து அவர்கள் முன்னால் விளம்பரத்தைக் காட்டும் இயந்திரம் ஏறத்தாழ இதைத்தான் செய்கிறது. இயந்திரம் எவ்வளவு நுட்பமாகத் தேர்ந்தெடுக்கிறதோ, அறிக்கையின் எண்ணும் அந்த அளவுக்குப் பெரிதாகிறது.

ஈபேயில் மட்டும் கண்ட விஷயம் அல்ல இது. பிரெட் கார்டனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஃபேஸ்புக்கில் நடந்த 15 பெரிய விளம்பரச் சோதனைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரையில், சோதனை இல்லாமல் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துச் செய்யும் மதிப்பீடுகள் பல நேரங்களில் விளம்பரத்தின் பலனை மிகைப்படுத்துவதைக் கண்டார்கள். ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் இருவரும் 25 களச் சோதனைகளை அலசி 2015இல் எழுதியது இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. மக்கள் வாங்கும் அளவு இயல்பாகவே ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் பெரிதும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் நடுவே விளம்பரத்தால் வந்த சிறு உயர்வைப் பிரித்தறிவது, லட்சக்கணக்கானவர்களை வைத்துச் சோதித்தாலும் கடினம். அப்படியிருக்க, ஒரு வாரத்து எண்ணைக் காட்டி ‘உங்கள் விளம்பரம் வெற்றி’ என்று யாராவது அடித்துச் சொன்னால், அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

பெயர் தெரியாத கடைக்கு

ஈபே உலகமே அறிந்த பெயர். யாரும் அறியாத சிறு கடைக்கு இதே விளம்பரம் என்ன செய்யும்? வெய்ஜியா டாய், ஹியூன்ஜின் கிம், மைக்கேல் லூகா ஆகிய மூவரும் யெல்ப் என்ற அமெரிக்க மதிப்புரைத் தளத்தில் ஏறத்தாழ 18,000 உணவகங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். அவற்றில் 7,000க்கும் மேற்பட்டவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் விளம்பரம் கொடுத்தார்கள். விளம்பரம் கிடைத்த உணவகங்களின் பக்கத்தைப் பார்த்தவர்கள் 25 விழுக்காடு கூடினார்கள். வழி கேட்டவர்கள் 18 விழுக்காடு, உணவகத்தின் இணையதளத்துக்குப் போனவர்கள் 9 விழுக்காடு, தொலைபேசியில் அழைத்தவர்கள் 13 விழுக்காடு அதிகரித்தார்கள். எழுதப்பட்ட மதிப்புரைகளும் 5 விழுக்காடு கூடின. அதாவது, ஆட்கள் உண்மையிலேயே சாப்பிட வந்திருக்கிறார்கள்.

ஆக, சிறு கடைக்கு விளம்பரம் உதவுகிறது. ஆனால் இதே ஆய்வின் இன்னொரு முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்று மாதம் முடிந்து விளம்பரம் நின்றதும், இந்த உயர்வுகள் எல்லாம் உடனே மறைந்துவிட்டன. விளம்பரம் வாடகைக்கு எடுத்த பந்தலைப் போன்றது. கட்டணம் நின்ற அன்றே நிழலும் போய்விடும். பந்தல் இருக்கும் நாட்களில் வந்தவர்களைத் தன்னோடு நிறுத்திக்கொள்ள வேண்டியது கடைக்காரரின் வேலை.

நட்சத்திரத்தின் விலை

அப்படி நிறுத்திக்கொள்வதில் முதல் இடம் வாடிக்கையாளர் எழுதும் மதிப்புரைக்கு. லூகா முன்பு செய்த இன்னோர் ஆய்வு இதைக் காட்டுகிறது. யெல்ப் தளம் அப்போது சராசரியை அரை நட்சத்திர அளவுக்கு முழுமையாக்கிக் காட்டியது: 3.24 பெற்ற கடைக்கு 3 நட்சத்திரம், 3.26 பெற்ற கடைக்கு மூன்றரை. இரண்டு கடைகளின் தரமும் ஒன்றுதான், கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரம் மட்டும் வேறு. சியாட்டில் நகர உணவகங்களின் வரிக் கணக்கில் பதிவான வருவாயோடு இதைப் பொருத்திப் பார்த்த லூகா, ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு உயர்வதைக் கண்டார். இந்த உயர்வு முழுவதும் தனிக் கடைகளுக்குத்தான். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு நட்சத்திரத்தால் மாற்றம் இல்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. கிளை நிறுவனத்தில் என்ன கிடைக்கும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரியாத கடையை நம்புவதற்குத்தான் மற்றவர் சொல் வேண்டும். ஈபே ஆய்வு வந்து சேர்ந்த அதே இடத்துக்கு இந்த ஆய்வும் வேறு வழியில் வந்து சேர்கிறது.

நட்சத்திரத்துக்கு இவ்வளவு விலை இருக்கும்போது போலி நட்சத்திரத்துக்கும் சந்தை உருவாகிறது. பாஸ்டன் நகர உணவகங்களைப் பற்றி யெல்ப்பில் எழுதப்பட்டவற்றில் ஏறத்தாழ 16 விழுக்காடு சந்தேகத்துக்குரியவை என்று அந்தத் தளமே வடிகட்டியிருந்தது. அவற்றை லூகாவும் ஜார்ஜியஸ் செர்வாஸும் ஆராய்ந்தபோது, நற்பெயர் மெலிந்த கடைகளே இந்த வழியில் அதிகம் இறங்குவதாகத் தெரிந்தது. இந்தியாவில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2023 ஜனவரியில் வந்தது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க முடியும். வாங்குபவரைத் திசைதிருப்பும் 13 வகை இணையத் தந்திரங்களை 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டுத் தடை செய்தது. ‘இன்னும் இரண்டுதான் மிச்சம்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றை ‘உத்தி’ என்று கற்றுத் தருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெயர் தெரியாத கடைக்கு இருக்கும் ஒரே மூலதனம் நம்பிக்கைதான். அதை அடகு வைத்து வியாபாரம் செய்யக் கூடாது.

அடுத்தவர் திண்ணை

2020 ஜூன் 29 இரவு, இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கை அப்போது இந்தியாவில் ஏறத்தாழ 20 கோடிப் பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் அதில் காணொளி போட்டுப் பெயர் பெற்றவர்கள், அதன் வழியே சரக்கு விற்றவர்கள் இருந்தார்கள். லட்சம் பேர் பின்தொடர்ந்த கணக்கு மறுநாள் இல்லை. அந்த லட்சம் பேரில் ஒருவருடைய தொலைபேசி எண்கூடக் கையில் இல்லாதவர்கள் இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ முதல் ஆளிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது.

இந்த ஆபத்து சிறியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், பயனரைக் கேட்காமல் ஒரு செயலி அவரைப் பிற செயலிகளில் பின்தொடரக் கூடாது என்று விதி செய்தது. அந்த ஒரு மாற்றத்தால் 2022இல் தன் வருவாய் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. ஃபேஸ்புக்கில் துல்லியமாக ஆள் பார்த்து விளம்பரம் செய்துவந்த சிறு நிறுவனங்களுக்கு அந்தத் துல்லியம் குறைந்தது. 2011 பிப்ரவரியில், ஜேசி பென்னி என்ற அமெரிக்கப் பெருங்கடையைத் தேடலில் மேலே கொண்டுவருவதற்காக, பொருத்தமில்லாத ஆயிரக்கணக்கான தளங்களிலிருந்து அதன் தளத்துக்கு இணைப்புகள் வரும்படி செய்யப்பட்டிருந்தது நியூயார்க் டைம்ஸ் வழியாக வெளிவந்தது. பல தேடல்களில் முதலிடத்தில் இருந்த அந்தக் கடையைக் கூகுள் பல பக்கங்களுக்குப் பின்னால் தள்ளியது.

மூன்று நிகழ்வுகளின் காரணங்களும் வேறு வேறு: அரசின் முடிவு, இன்னொரு நிறுவனத்தின் விதி, சொந்தத் தவறு. விளைவு மட்டும் ஒன்று. அடுத்தவர் திண்ணையில் விரித்த கடையை, திண்ணைக்காரர் சொன்னால் எடுத்தாக வேண்டும். திண்ணையில் கடை போடுவது தவறில்லை, அங்கேதான் ஆள் நடமாட்டம் இருக்கிறது. ஆனால் வாங்கிப் போகிறவரின் பெயரும் எண்ணும் நம் நோட்டில் இருக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது?

இதுவரை பார்த்த ஆய்வுகளிலிருந்து, சிறு தொழில் செய்பவருக்கு ஒரு வரிசையை வகுக்க முடியும் என்று நம்புகிறேன்.

முதலில், பணம் செலவில்லாத இடம். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், படங்கள் ஆகியவற்றைச் சரியாகப் பதிவு செய்ய வேண்டும். அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்தப் பொருத்தம், தூரம், பரவலாக அறியப்பட்டிருத்தல் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் கடைக்காரர் கையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதைப் பதியாத கடை, பூட்டிய கதவுக்கு வாடிக்கையாளரை வரவைத்துத் தானே கெட்ட பெயர் தேடிக்கொள்கிறது.

இரண்டாவதாக, மதிப்புரை. வாங்கிய ஒவ்வொருவரிடமும் நேரில் கேளுங்கள். நல்லதாக எழுதச் சொல்ல வேண்டாம், உள்ளதை எழுதச் சொல்லுங்கள். குறை சொன்னவருக்கு எல்லோரும் படிக்கும்படி மரியாதையாகப் பதில் எழுதுங்கள். புதிதாக வருபவர் உங்கள் குணத்தை அந்தப் பதிலில்தான் பார்க்கிறார்.

மூன்றாவதாக, சொந்தப் பட்டியல். வாட்ஸ்அப்பின் ஒளிபரப்புப் பட்டியலில் ஒரு நல்ல விதி உண்டு. உங்கள் எண்ணைத் தன் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே வாடிக்கையாளரின் எண்ணை நீங்கள் வாங்குவது பாதி வேலைதான். உங்கள் எண்ணை அவர் சேமித்து வைக்க விரும்புவது மறுபாதி. தினமும் காலை வணக்கப் படம் அனுப்பும் கடையின் எண் நீண்ட நாள் நிலைக்காது. புது எள் வந்திருக்கிறது, இந்த வாரம் ஆட்டுகிறோம் என்று சொல்லும் கடையின் எண் நிலைக்கும்.

இவை மூன்றும் அமைந்த பிறகே காசு கொடுத்து விளம்பரம். அப்போதும் உங்கள் கடையின் பெயருக்கு விளம்பரம் வாங்குவதைக் கடைசியில் வையுங்கள். போட்டியாளர் யாராவது உங்கள் பெயரில் விளம்பரம் வாங்கி வாடிக்கையாளரைத் திருப்பினால் அது வேறு நிலைமை. அதைத் தனியாகச் சோதித்து முடிவெடுக்கலாம். ஏற்கெனவே வாங்கியவர்களின் பட்டியல் கையில் இருந்தால், அவர்களுக்கு விளம்பரம் போகாதபடி விலக்கி வைக்கும் வசதி பெரிய விளம்பரத் தளங்களில் இருக்கிறது. பணம் புதியவர்களைத் தேடிப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஈபே செய்ததை உங்கள் அளவில் நீங்களும் செய்ய முடியும். மதுரையிலும் திருச்சியிலும் விளம்பரம் செய்கிறீர்கள் என்றால், திருச்சியில் மட்டும் நான்கு வாரம் நிறுத்துங்கள். தீபாவளி, பொங்கல் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு ஊர்களின் விற்பனையையும் முந்தைய மாதங்களோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். பிறகு ஊரை மாற்றி மீண்டும் ஒரு முறை செய்யுங்கள். சிறிய விற்பனையில் எண்கள் ஏறி இறங்கும். ஒரு சோதனையோடு தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். அதோடு, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் ‘எங்களை எப்படித் தெரியும்?’ என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத் தளம் அனுப்பும் அறிக்கை, வந்தவர்களைப் பற்றி மட்டும் பேசும். விளம்பரம் இல்லாமலும் வந்திருக்கக்கூடியவர் யார் என்பதை, நிறுத்திப் பார்த்த கடைக்காரரால்தான் அறிய முடியும். அடுத்த மாதத் தொகையைக் கட்டுவதற்கு முன், ஓர் ஊரில், நான்கு வாரம் நிறுத்திப் பாருங்கள்.